ஊதுறது கடைசி வேலை: கொழும்பில ஒரு பர்னர் மேசையில கண்ணாடி வேலை பழக முழு வழிகாட்டி

கண்ணாடி ஊதுறது எண்டு சொன்ன உடனே எல்லாரும் நினைக்கிறது பெரிய உலை, நீட்டு இரும்புக் குழாய், இத்தாலியில கண்ணாடிக்குப் பேர்போன முரானோ தீவு. அது உலை வேலை. அந்த உலையை 1100 பாகை சூட்டில இரவு பகலா அணைய விடாம வச்சிருக்க வேணும், கொழும்பில தனி ஆளா அந்தக் காஸ் செலவைத் தாங்கிப் பழக ஏலாது. நான் இங்க எழுதுறது பர்னர் வேலை. கடையில விக்கிற கண்ணாடி ட்யூப்பை வாங்கி, மேசையில பூட்டின பர்னர் சுவாலையில இளக்கி, இழுத்து, ஊதி, ஒட்டி எடுக்கிறது. பள்ளிக்கூட லாப்ல பார்த்த குடுவை, ஆவியைக் குளிராக்கித் திரவமாக்கிற லீபிக் ஒடுக்கி மாதிரிச் சாமான்ல கையால செய்யிற பகுதியெல்லாம் இந்த வேலைதான். இதுக்கு ஒரு கராஜ் காணும்.

நான் பழகினது வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில இருக்கிற கராஜ்ல. காட்டித்தந்தது லாப் கண்ணாடி வேலை செய்து ஓய்வெடுத்த ஒரு ஐயா. முதல் நாள் நான் ட்யூப்பை வாயில வச்ச உடனே, "தம்பி, ஊதுறத விடும், நீர் இன்னும் உருட்டவே பழகேல்ல" எண்டார். மூண்டு கிழமை ஊதவே விடேல்ல. அப்ப எனக்குச் சரியான கோவம், ஆனா இப்ப ஆராவது என்னட்டப் பழக வந்தா நானும் அதையேதான் செய்யிறன், ஏனெண்டா இந்த வேலையில பெரும்பங்கு உருட்டுறதும் காத்திருக்கிறதும்தான், ஊதுறது கடைசியில வாற ஒரு சின்ன மூச்சு.

முதல்ல எந்தக் கண்ணாடி

போரோசிலிக்கேட் வாங்குங்க, 3.3 எண்டு போட்டிருக்கும். சூட்டுக்குக் கண்ணாடி எவ்வளவு விரியும் எண்ட கணக்கு அது. சாதாரண போத்தல் கண்ணாடி, அதாவது சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, சூட்டுக்கு அதைவிடக் கிட்டத்தட்ட மூண்டு மடங்கு கூட விரியும், அதனாலதான் சுவாலையில காட்டின உடனே டப்பெண்டு வெடிக்குது. சாராயப் போத்தலை வெட்டி உருக்கிப் பழகலாம் எண்டு கன பேர் நினைக்கிறாங்க, நானும் நினைச்சன், ஆனா அது வெடிக்கிறதோட நிக்காது, கனநேரம் சூடாக்கினா மேல வெள்ளையாப் படை கட்டி சொரசொரப்பாயிடும். தொடக்கத்திலயே மனம் விட்டுப்போயிடும்.

போரோ கொஞ்சம் கூடச் சூடு கேக்கும். 820 பாகை கிட்ட இளகத் தொடங்கும், வடிவா வேலை செய்ய 1200க்கு மேல போக வேணும். ஆனா பிழை விட்டாலும் பொறுத்துக்கொள்ளும், பழகிறவனுக்கு அதுதான் தேவை.

12 மில்லிமீட்டர் அகலம், சுவர் 1.5 மில்லிமீட்டர், இந்த அளவை எடுங்க, மெல்லிசா 6 மில்லிமீட்டர் வாங்கினா அது சுவாலையில உடனே சுருண்டுபோகும், 25 எடுத்தா உங்கட பர்னருக்குச் சூடு காணாது. கொழும்பில லாப் சாமான் இறக்குமதி பண்ற ஆக்களிட்ட முன்கூட்டியே சொல்லிவச்சா எடுத்துத் தருவாங்க, பொதுவா 1.5 மீட்டர் நீளத்தில வரும். உடைஞ்ச பியூரெட், பிப்பெட் எல்லாம் சேர்த்து வையுங்க. ஆனா ஒண்டு, எது போரோ எது போரோ இல்லை எண்டு தெரியாமக் கலக்கக்கூடாது, ரெண்டையும் ஒட்டினா ஆறேக்க கட்டாயம் வெடிக்கும்.

சோதிக்க லேசான வழி எண்ணெய். ஒரு கிளாஸ்ல சூரியகாந்தி எண்ணெய் விட்டு அதுக்குள்ள கண்ணாடித் துண்டை முக்கிப் பாருங்க, போரோ எண்டா கிட்டத்தட்ட மறைஞ்சுபோகும், ஏனெண்டா ரெண்டும் வெளிச்சத்தை ஒரே அளவா, 1.47 கிட்ட, வளைக்குது. சோடா கண்ணாடி அந்த எண்ணெய்க்குள்ள விளிம்பு தெளிவாத் தெரிய நிக்கும். வீட்டில இருக்கிற தேங்காய் எண்ணெயில செய்தா சரிவராது, அதின்ட கணக்கு 1.45 கிட்ட, போரோவும் தெரிஞ்சுகொண்டேயிருக்கும். இன்னொரு சோதனை, சந்தேகமான துண்டையும் நல்ல போரோவையும் பக்கத்துப் பக்கமா ஒட்டி உருக்கி நூல் மாதிரி இழுங்க. ஆறினாப் பிறகு நூல் நேரா நிண்டா ரெண்டும் ஒரே சாதி, வளைஞ்சா இல்லை.

மேசை, காஸ், கண்

காஸையும் ஒக்சிஜனையும் பர்னர் வாயில கலக்கிற மேசை பர்னர் வேணும், சின்ன ஒண்டு காணும். காஸ் வீட்டு 12.5 கிலோ சிலிண்டரே காணும், ஆனா அடுப்புக்குப் போடுற ரெகுலேட்டர்ல அமுக்கம் காணாது, கூட்டிக் குறைக்கக்கூடிய ரெகுலேட்டர் போட வேணும். ஒக்சிஜனுக்கு ரெண்டு வழி. வெல்டிங் ஆக்கள் எடுக்கிற சிலிண்டர் ஒண்டு, மற்றது கோவிட் காலத்தில கன வீட்டில வாங்கி இப்ப சும்மா கிடக்கிற 5 லீட்டர் ஒக்சிஜன் கொன்சன்ட்ரேட்டர். சின்ன பர்னருக்கு கொன்சன்ட்ரேட்டர் ஒண்டு காணும், 12 மில்லிமீட்டர் ட்யூப் வேலை எல்லாம் நான் அதிலதான் பழகினன். ஒரு பங்கு புரொப்பேன் முழுசா எரிய 5 பங்கு ஒக்சிஜன் வேணும், அதனால சுவாலை சோம்பலா மஞ்சளா வந்தா காஸைக் குறைச்சுப் பாருங்க, ஒக்சிஜன் இல்லையெண்டு கவலைப்பட முதல்.

ஆபத்துக் கதையை ஒருக்கா வடிவா வாசியுங்க. எல்பி காஸ் காத்தைவிடப் பாரம், கசிஞ்சா நிலத்தோட படுத்துக் கிடக்கும், மூக்குக்குத் தெரியாமலே இருக்கலாம், அதால சிலிண்டரைக் கராஜுக்கு வெளியில வையுங்க, கதவை நிலம் வரை திறந்து வையுங்க, ஒவ்வொரு முறையும் மூட்டுகளுக்குச் சவர்க்காரத் தண்ணி பூசிப் பாருங்க. ரெண்டு லைனுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், அதாவது சுவாலை குழாய்க்குள்ள பின்னால ஓடாமத் தடுக்கிற பூட்டு, கட்டாயம். ஒக்சிஜன் பூட்டுகள்ல எண்ணெய், கிரீஸ் ஒண்டும் படக்கூடாது, அது தானாவே பத்தும். பத்தவைக்கேக்க முதல் காஸ், பிறகு ஒக்சிஜன். அணைக்கேக்க முதல் ஒக்சிஜன், பிறகு காஸ். பருத்தி உடுப்புப் போடுங்க, பொலியெஸ்டர் உருகித் தோலோட ஒட்டும். சுட்டா ஓடுற பச்சைத் தண்ணியில 20 நிமிஷம் பிடியுங்க, பற்பசை பூசாதீங்க.

கண்ணுக்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி சூடாகேக்க அதில இருக்கிற சோடியம் 589 நானோமீட்டர் மஞ்சள் வெளிச்சத்தை வீசும், அந்த மஞ்சள் மறைச்சா உள்ள என்ன நடக்குது எண்டே தெரியாது, டிடிமியம் அந்த ஒரு நிறத்தை மட்டும் வெட்டி விடும். முதல் தரம் போட்டுப் பார்க்கேக்க திரை விலகின மாதிரி இருக்கும். கறுப்புக் கண்ணாடி இதுக்குப் பதிலில்லை. பெரிய துண்டுகளை வெள்ளைச் சூட்டில கனநேரம் பார்க்கிறதெண்டா அதோட வெல்டிங் ஆக்கள் போடுற ஷேட் 3 இருட்டுக் கண்ணாடியும் சேர்த்துப் போட வேணும்.

கொழும்புக்கெண்டு ரெண்டு விஷயம். பின்னேரம் கடல் காத்து வந்தா சுவாலை சரியும், பர்னருக்குப் பின்னாலயும் பக்கத்திலயும் தகரம் நிப்பாட்டுங்க. ஃபேனைப் போடேலாது, ஆனா காத்தோட்டம் இல்லாமலும் இருக்கேலாது, அதால புகையை மேல இழுத்து வெளிய தள்ளுற எக்ஸோஸ்ட் ஃபேன் ஒண்டு வையுங்க. மற்றது வியர்வை. நெத்தியில இருந்து ஒரு சொட்டு சூடான ட்யூப்ல விழுந்தாக் காணும், கோடு ஓடியிடும். தலையில துணி கட்டிக்கொண்டு இருங்க.

கை

சுவாலை இல்லாமத் தொடங்குங்க. ரெண்டு ட்யூப் துண்டை எடுத்து, இடையில ஒரு சாண் பழைய பருத்தித் துணியை வச்சு ரெண்டு பக்கமும் ரப்பர் பாண்ட் போட்டு இறுக்குங்க. இப்ப இடது கை மேல இருந்து பிடிக்கும், உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி, பாரத்தைத் தாங்குறது அதுதான். வலது கை கீழ இருந்து, பேனை பிடிக்கிற மாதிரி. ரெண்டு கையாலயும் ஒரே வேகத்தில ஒரே திசையில உருட்டுங்க. கை ஒத்துப்போகேல்லை எண்டா துணி முறுக்கிக்கொண்டு காட்டிக் குடுத்திடும். உருகின கண்ணாடியும் அப்பிடியே அந்தத் துணி மாதிரித்தான் இருக்கும், இடது கையும் வலது கையும் ஒண்டையொண்டு தாங்காது, நடுவில பிடிமானம் இல்லை.

நான் இதை இரவில நியூஸ் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் செய்தன். துணி முறுக்காம, இழுபடாம, தொங்காம நூறு சுத்து வரவேணும். பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும். இதை விட்டிட்டு நேரா சுவாலைக்குப் போற ஆக்கள் ஆறு மாசம் கழிச்சும் கோணல் குமிழோட நிக்கிறதை நான் கண்ணால பார்த்திருக்கிறன், அவங்களுக்குக் கையில பிழை எண்டு தெரியாது, கண்ணாடி சரியில்லை எண்டு சொல்லுவாங்க.

வெட்டுறது

டங்ஸ்டன் கார்பைட் கத்தியால, இல்லாட்டி நல்ல கூரான முக்கோண அரத்தால ஒரே ஒரு கீறல், 5 மில்லிமீட்டர் நீளம் காணும். அறுக்கக்கூடாது, ஒரே இழுவை. கீறல்ல ஒரு துளி தண்ணி வையுங்க. கீறல் உங்களைப் பாராம அப்பால பார்க்க, அதுக்கு நேர் பின்னால ரெண்டு பெருவிரலும் வச்சு, உடைக்கிறதை விட இழுக்கிறதைக் கூடச் செய்யுங்க. சரியாக் கீறினா வெண்ணெய் மாதிரி வரும். பலம் போட வேண்டி வந்தா நிப்பாட்டுங்க, துணி சுத்துங்க, திரும்பக் கீறுங்க. வெட்டின விளிம்பை உடனே சுவாலையில காட்டி மழுக்குங்க, மேசையில கூர் விளிம்போட ஒரு துண்டும் கிடக்கக்கூடாது.

பொயின்ட் இழுக்கிறது

இதில நான் கொஞ்சம் கூட நேரம் நிப்பன், ஏனெண்டா எல்லாமே இதில இருக்கு. பொயின்ட் எண்டா ட்யூப்பின்ட ரெண்டு பக்கமும் நீட்டா இழுத்த மெல்லிய கைப்பிடி. அதைப் பிடிச்சுத்தான் நடுத் துண்டில வேலை செய்யிறது, அதுக்குள்ளாலதான் ஊதுறதும்.

ட்யூப்பை முதல்ல மென்மையான பெரிய சுவாலையில உருட்டி உருட்டி இதமாச் சூடாக்குங்க. பிறகு ஒக்சிஜனைக் கூட்டி ரெண்டு மூண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வடிவாச் சூடு குடுங்க. கொஞ்ச நேரத்தில சிவப்பாகும், பிறகு செம்மஞ்சள், அப்ப கையில ஒரு மாற்றம் தெரியும், ரெண்டு கைக்கும் நடுவில இருந்த தடி இல்லாமப் போய் ஒரு தளர்வு வரும். இந்த இடத்தில எல்லாரும் பயந்து இழுக்கிறாங்க. இழுக்காதீங்க. உருட்டிக்கொண்டே இருங்க, சுவர் மெல்ல உள்ள சுருங்கித் தடிக்கட்டும். பிறகு சுவாலையில இருந்து வெளிய எடுங்க, உருட்டிக்கொண்டே. ஒண்டு, ரெண்டு எண்டு மனசுக்க எண்ணுங்க. இப்ப மெதுவா இழுக்கத் தொடங்கி, போகப் போகக் கொஞ்சம் வேகமா, ஒரு முழம் கிட்ட இழுத்து, இறுகும் வரைக்கும் விறைப்பாப் பிடிச்சபடி உருட்டுங்க.

சுவாலைக்குள்ளயே இழுத்தா தலைமயிர் மாதிரி மெல்லிசா அறுந்துபோகும். எண்ணாம உடனே இழுத்தாலும் அப்பிடித்தான். அந்த ரெண்டு எண்ணிக்கையில வெளித்தோல் கொஞ்சம் இறுகுது, அந்தத் தோல்தான் உங்கட இழுவையைத் தாங்கி ஒரே தடிப்பில வரவைக்குது. 5 மில்லிமீட்டர் கிட்டத் தடிப்பில வந்தா நல்ல பொயின்ட். நடுவில சுவாலை காட்டி ரெண்டாப் பிரியுங்க.

பிறகு சோதனை, ரெண்டு பொயின்டையும் பிடிச்சு உருட்டேக்க நடுத் துண்டு ஆடாமச் சுத்த வேணும். ஆடினா பொயின்ட் அச்சில இல்லை, அடியில திரும்பச் சூடாக்கி நேராக்குங்க, இல்லாட்டி வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசா இழுங்க. ஆடுற பொயின்டோட அடுத்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

ஊதாம, குழாயா இழுத்து, வெட்டி எடுக்கிறது எங்கட பக்கத்துக்குப் புதுசில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில இருக்கிற அரிக்கமேட்டில அந்தக் காலத்தில மணி செய்ததும் இப்பிடிக் கண்ணாடிக் குழாயை நீட்டா இழுத்துச் சின்னச் சின்னதா வெட்டித்தான், அதே மாதிரி மணிகள் மன்னார் மாந்தையிலயும் தோண்டி எடுத்திருக்கிறாங்க. முதல் தரம் ஒரே தடிப்பில ஒரு பொயின்ட் வந்த அண்டைக்கு எனக்கு அந்த மணிகளைப் பற்றி ஐயா சொன்னது விளங்கினது.

அடி மூடி, குமிழ் ஊதுறது

பொயின்ட் இழுத்த துண்டில ஒரு பக்கத்தைச் சூடாக்கி பொயின்டை இழுத்துப் பிரிச்சா நுனியில ஒரு கட்டி கண்ணாடி நிக்கும். அந்தக் கட்டியை ஒரு பழைய கண்ணாடித் தடியால தொட்டு இழுத்து எடுத்திடுங்க, இல்லாட்டி அடி தடிச்சு, ஆறேக்க அதிலதான் வெடிக்கும். மிச்சத்தை உருட்டிச் சூடாக்கி, வெளிய எடுத்து, மெல்லிய ஒரு ஊது. திரும்பச் சூடு, திரும்ப ஊது. மூண்டு நாலு தரத்தில பரிசோதனைக் குழாய் அடி மாதிரி உருண்டையா வரும்.

குமிழுக்கு முதல்ல கண்ணாடி சேர்க்க வேணும். சூடாக்கிக்கொண்டே ரெண்டு கையையும் மயிரிழை அளவு உள்ள தள்ளுங்க, சுவர் ரெண்டு மடங்கு தடிக்கட்டும். பிறகு வெளிய எடுங்க, உருட்டுங்க, ஒரு விநாடி பொறுங்க, ஊதுங்க. ஏன் பொறுக்கிறது எண்டா, மெல்லிய இடம் கெதியா ஆறி இறுகிடும், தடிச்ச இடம் இன்னும் இளக்கமா இருக்கும், அப்ப ஊதினா தடிச்ச இடம்தான் விரியும், சுவர் தானாவே சமமாகும். பொறுக்காம ஊதினா மெல்லிய இடம் இன்னும் மெலிஞ்சு ஒரு பக்கம் வீங்கி வெளியில தள்ளும். பலூன் ஊதுற மாதிரித்தான், தொடக்கத்தில பலமா ஊத வேணும், பெருசாகத் தொடங்கின உடனே பலத்தைக் குறைக்க வேணும், குறைக்காட்டி ஒரே நொடியில சவர்க்காரக் குமிழ் மாதிரிப் போயிடும். அப்பிடி வெடிச்சா பறக்கிற கண்ணாடிச் செதில் மூச்சுக்குள்ள போகும், மாஸ்க் போடுங்க. சுவாலைக்குள்ள வச்சு ஒருநாளும் ஊதாதீங்க.

யெருசலேமில கிடைச்ச, கிமு முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆகப் பழைய ஊதின கண்ணாடித் துண்டுகளும் இப்பிடி ஒரு பக்கம் மூடின கண்ணாடிக் குழாயில ஊதினதுதான், இரும்புக் குழாய் அதுக்குப் பிறகு வந்தது. அதால மேசையில ட்யூப்போட பழகுறது சின்ன வேலை எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க.

மூட்டு

நேர் மூட்டு லேசு. ஒரே அகல ட்யூப் ரெண்டு, விளிம்பு சுத்தமா, கை எண்ணெய் இல்லாம ஸ்பிரிட்டால துடைச்சுக் காயவச்சு (ஸ்பிரிட் போத்தலை சுவாலைப் பக்கம் கொண்டுவராதீங்க), ரெண்டு விளிம்பையும் ஒண்டாச் சூடாக்கி, நேராத் தொட்டு, மயிரிழை இழுத்து, பிறகு உருட்டிச் சூடாக்கிச் சுருங்கவிட்டு ஊதி, திரும்பச் சுருக்கி ஊதி. மூட்டுக் கோடு கண்ணுக்குத் தெரியாமப் போகும் வரைக்கும் செய்யுங்க. கோடு தெரிஞ்சா அது ஒட்டேல்லை, பக்கத்தில நிக்குது, அவ்வளவுதான்.

டி மூட்டு எண்டா ஒரு ட்யூப்பின்ட பக்கத்தில இன்னொரு ட்யூப்பை T எழுத்து மாதிரி ஒட்டுறது, அதுக்கு ஒரு மாசம் ஒதுக்குங்க. பெரிய ட்யூப்பின்ட ஒரு பக்கம் கோர்க் அடைச்சு, மற்றப் பக்கம் ரப்பர் ஊதுகுழாய் போடுங்க. கூரான சின்ன சுவாலையால ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கி ஊதினா சின்ன மேடு வரும். மேட்டின்ட உச்சியை மட்டும் திரும்பச் சூடாக்கிப் பலமா ஊதினா மெல்லிய குமிழாப் போகும், அதைத் தட்டி எடுத்து விளிம்பை மழுக்கினா துளை ரெடி. துளை பக்க ட்யூப்பின்ட அகலத்துக்குச் சரியா இருக்க வேணும், இதில அரை மில்லிமீட்டர் பிழைச்சாலும் பிறகு கஷ்டம். பக்க ட்யூப்பின்ட மேல் வாயையும் அடைச்சு, ரெண்டு விளிம்பையும் சூடாக்கி ஒட்டுங்க. பிறகு மூட்டை நாலு பங்காப் பிரிச்சு, ஒவ்வொரு பங்கா கூரான சுவாலையால உருக்கி, சுருங்கவிட்டு, வெளிய எடுத்து ஊதி. ஒரு பங்கில நிக்கேக்க மற்றது ஆறிக்கொண்டு வரும், அதுதான் ஆபத்து, இடைக்கிடை பெரிய மென்மையான சுவாலையால முழு மூட்டையும் தடவிக்கொண்டே இருக்க வேணும். முடிஞ்ச உடனே முழுசையும் ஒருக்கா ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து கோணத்தைச் சரிபண்ணுங்க.

ஆறவைக்கிறது

செய்து முடிச்ச துண்டுக்குள்ள இழுவிசை நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு அலுமாரிக்குள்ள தானா வெடிக்கும். 560 பாகை சூளையில அரை மணித்தியாலம் வச்சு, அங்க இருந்து 450 வரைக்கும் நிமிஷத்துக்கு 2 பாகை எண்டு இறக்கி, பிறகு சூளையை மூடினபடியே ஆறவிடுங்க. இது 2 மில்லிமீட்டர் சுவருக்கான கணக்கு, தடிச்ச துண்டுக்கு இதைவிட மெதுவா. சூளை இல்லாத காலத்தில ஒக்சிஜனைக் குறைச்சு மஞ்சள் சுவாலையில துண்டு முழுக்கக் கரி படியும் வரைக்கும் உருட்டி மெதுவா ஆறவிடலாம், பழைய ஆக்கள் செய்த முறை, சின்னச் சாமானுக்குக் காணும், ஆனா சூளைக்கு ஈடில்லை.

2022ல கரண்ட் மணிக்கணக்காப் போன நாளில ஒருக்கா நடுவில சூளை நிண்டுபோச்சு. நான் பதறிக் கதவைத் திறக்கப் போக ஐயா கையைப் பிடிச்சிட்டார். "திறவாதையும், செங்கல்லே மெதுவா ஆறவைக்கும்." அடுத்த நாள் காலையில திறந்தா ட்யூப் சாமான் எல்லாம் முழுசா இருந்தது, ஒரு தடிச்ச கண்ணாடித் தண்டு மட்டும் ரெண்டா.

இழுவிசையைப் பார்க்கிறதுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பழைய எல்சிடி மொனிட்டர்ல வெள்ளைத் திரை போட்டு, பொலரைஸ்ட் சன் கிளாஸ் ஒண்டைக் கண்ணுக்கு முன்னால திருப்பித் திருப்பி, திரை கறுப்பாகிற கோணத்தில நிப்பாட்டுங்க. இப்ப துண்டை இடையில பிடியுங்க. விசை இருக்கிற இடம் வெளிச்சமாத் தெரியும். நல்லா ஆறின துண்டு திரை மாதிரியே இருட்டா இருக்கும்.

எப்பிடிப் பழகி முன்னேறுறது

ஒரு நாளைக்கு ஒரே வேலை. பொயின்ட் எண்டா 20 பொயின்ட், குமிழ் எண்டா 15 குமிழ், கலக்காதீங்க. 45 நிமிஷத்துக்கு மேல கை களைச்சிடும், களைச்ச கை பிழையைப் பழகும். எங்கட கராஜுக்குக் கிட்ட ரெயில் போகேக்க மேசை அதிரும், தொடக்கத்தில அந்த நேரம் சுவாலையில இருந்து எடுத்திடுவன், இப்ப அதிர்வோடயே உருட்ட வருது, ஆனா அதுக்கு ஒரு வருஷம் எடுத்தது.

வடிவா வந்த குமிழை அலுமாரியில வைக்காதீங்க. துணியில சுத்தி உடைச்சு, வேர்னியர் கலிப்பரால ஆறு இடத்தில சுவர்த் தடிப்பை அளந்து கொப்பியில எழுதுங்க. வெளியால உருண்டையா இருக்கிறது உள்ள ஒரு பக்கம் 0.4, மறுபக்கம் 1.2 எண்டு இருக்கும். ஒரு பக்கம் எப்பவும் தடிப்பு எண்டா உருட்டேக்க அந்த இடத்தில கை நிக்குது, விரல் மாத்துற இடம். அடி தடிப்பு எண்டா கட்டியை எடுக்கேல்லை. நுனி மெல்லிசு எண்டா பொறுக்காம ஊதியிருக்கிறீங்க. என்ட கொப்பியில முதல் அறுபது குமிழும் வலது பக்கம் தடிப்பு. வலது பெருவிரல் ஒவ்வொரு சுத்திலயும் கொஞ்சம் நிண்டு போயிருக்கு, ஒருநாளும் எனக்கு அது தெரியேல்லை, கண்ணாடிதான் சொன்னது. திரும்பத் துணிக்குப் போய் ஒரு கிழமை உருட்டினன், அறுபத்தொண்டாவதில வித்தியாசம் 0.2க்குள்ள வந்தது.

டி மூட்டு பத்தில எட்டு வெடிக்காம நிக்கத் தொடங்கினா ஒடுக்கிக்குள்ள வாற வளைய மூட்டைத் தொடலாம். அதைத் தனியத் தொடங்காதீங்க, உள்ள ஒரு ட்யூப் வெளிய ஒரு ட்யூப், ரெண்டையும் ஒண்டா மூட்டேக்க பக்கத்தில ஒராள் நிண்டு பார்க்க வேணும். முதல் அஞ்சாறை அவர் செய்ய நீங்க ஊதுகுழாயை மட்டும் வாயில வச்சுக்கொண்டு, சொல்லேக்க ஊதுங்க.